பத்து மி.மீ. ஸ்பேசரும் பழைய ஸ்டட்டும்

பத்து மில்லிமீட்டர் வீல் ஸ்பேசரை (சக்கரத்தை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தகடு) பழைய ஸ்டட்டிலேயே (சக்கர நட் ஏறும் மரையுள்ள தண்டு) வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் ஸ்பானர்) 'கிளிக்' என்றால் போதும் என்று இணையத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்; பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். இது சரியன்று. டார்க் ரெஞ்ச் காட்டுவது நட்டைத் திருகும் விசையை மட்டுமே. உள்ளே எத்தனை மரை பிடித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நான்கைந்து மரை பிடித்திருந்தாலும் அது கிளிக் என்றுவிடக்கூடும்.

ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளத்தை ஸ்டட் இழக்கிறது. ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளத்துக்கு நட் பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பல டொயோட்டா, ஹோண்டா கார்களில் உள்ள எம்12×1.5 ஸ்டட்டுக்கு (விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ.) அது 12 மி.மீ., அதாவது எட்டு முழுச் சுற்று.

இதை யாரும் சோதிக்கலாம். வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பேசரையும் சக்கரத்தையும் மாட்டி, நட் மரையில் பிடித்த கணம் முதல் சக்கரத்தில் அமரும் வரை கையால் திருகிச் சுற்றுகளை எண்ணுங்கள். ஸ்பேசர் இல்லாமல் பன்னிரண்டு சுற்று வந்த ஸ்டட்டில், 10 மி.மீ. ஸ்பேசருக்குப் பின் ஐந்து சுற்றுதான் மிஞ்சும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டை ஸ்கேலால் அளப்பதை நம்ப வேண்டாம். சில நட்டுகளின் கூம்பு முனையில் மரையே இருப்பதில்லை. ஃபோக்ஸ்வேகன் போல ஸ்டட்டுக்குப் பதிலாகப் போல்ட் உள்ள கார்களிலும் இதே விதிதான், இதே முறையில்தான் எண்ண வேண்டும்; போல்ட்டின் விட்டத்துக்கேற்பச் சுற்றுகளின் எண்ணிக்கை மாறும். அங்கே நீளமான போல்ட் வாங்க வேண்டியிருக்கும்.