ரப்பர் பாலில் ஸ்லைம் செய்ய முடியாது

கடைகளில் விற்கும் வெள்ளைப் பசை ரப்பர் பால்தான் என்றும், கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சிரட்டையில் வடியும் பாலுடன் வெண்காரக் (போராக்ஸ்) கரைசலைச் சேர்த்தால் குழந்தைகள் இழுத்து விளையாடும் கொழகொழப்பான ஸ்லைம் கிடைக்கும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வெள்ளைப் பசை என்பது 1912இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த பாலிவினைல் அசிடேட்டை நீரில் கலந்து செய்யப்படுவது. ரப்பர் பாலுக்கும் அதற்கும் நிறம் மட்டுமே பொது. வெண்காரத்திலிருந்து வரும் போரேட் அயனிகள், பசையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் உள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, அச்சங்கிலிகளைத் தற்காலிகமாகப் பிணைக்கின்றன. இப்பிணைப்புகள் அறுந்து அறுந்து மீண்டும் ஒட்டுவதால்தான், மெல்ல இழுத்தால் நீளும் ஸ்லைம் வெடுக்கென இழுத்தால் துண்டாகிறது. ரப்பரின் பாலிஐசோப்ரீன் சங்கிலியில் அத்தொகுதிகளே இல்லாததால், போரேட்டுக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை.

ரப்பர் பாலைத் தகடாக்கும் ஷீட் அடிப்பவர்கள் அறிந்தபடி, ரப்பர் பாலை உறைய வைப்பது ஃபார்மிக் அமிலம். ஸ்லைமிலோ வினிகர் ஊற்றினால் அது இளகிக் கூழாகிவிடும், ஏனெனில் அமிலம் போரேட்டைப் போரிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. (துணியில் ஒட்டிய ஸ்லைமை எடுக்க இதுவே வழி.) மேலும், ரப்பர் பால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், வெண்காரத்தை விழுங்கினால் நஞ்சு.