தீசிஸ் டேட்டாவை வெளியே கொடுக்காதீர்கள்

போன வாரம் முதலாண்டு பிஜி (மருத்துவ மேல்படிப்பு) தம்பி ஒருவர் கேட்டார், "அக்கா, ஜீன் டேட்டா அனாலிசிஸ் பண்ணிக் கொடுக்க ஆள் இருக்காங்களா? காசு கொடுத்துடலாம்." அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையில் கிராஸிங் (ஆபரேஷனில் எடுத்த திசுவை வெட்டிப் பார்ப்பது), மதியம் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு, இரவு டியூட்டி என்று ஓடும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார நேரம் ஏது? நானும் எம்.டி. பெத்தாலஜி (நோய்க்குறியியல்) சேர்ந்த புதிதில் அதையேதான் செய்தேன்.

வெளியிலிருந்து எனக்கு வந்த எக்செல் தாளில், ஜீன் பெயர்களுக்கு நடுவே மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகள் இருந்தன. மார்ச்1, செப்ட்2 இரண்டும் உண்மையான ஜீன்கள். எக்செல் அவற்றைத் தேதியாக எடுத்துக்கொண்டு தானாகவே மாற்றிவிடும். 2004-லேயே இதை எச்சரித்து கட்டுரை வந்துவிட்டது. கடைசியில் 2020-இல், ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிக்கொண்டது. செய்து கொடுத்தவர் கண்ணில் படாத அந்தத் தேதிகள் என் கண்ணில் பட்டன. அன்றிரவே முழுவதையும் நானே திரும்பச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

தேதிப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழைகள்தான் எனக்குப் பயம். இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 ஜீனில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் உண்டு. தெற்காசியர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. இதயத் தசை நோயோடு அதற்குள்ள தொடர்பை 2009-இல் காட்டிய ஆய்வில் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. ஐரோப்பியர்களின் டேட்டாவை மட்டும் வைத்து ஒப்பிடுபவருக்கு அது எங்குமே காணாத மாற்றமாகத் தெரியும். இங்கேயோ ஓபி வரிசையில் நிற்பவர்களில் சிலரிடம் நிச்சயம் இருக்கும். அது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. எதோடு ஒப்பிட வேண்டும், ரிப்போர்ட்டில் எதை எழுதினால் ஒரு குடும்பம் வீணாகப் பயப்படும் என்பதெல்லாம் நோயாளியைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 இந்தியர்களின் ஜீனோம் (முழு டிஎன்ஏ) டேட்டா ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்ந்துவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறலாம். அதைத் திறந்து படிக்கத் தெரிந்த டாக்டர்கள் நம்மிடம் வேண்டாமா?

கோடிங் என்றதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நானும் பயந்தேன். முதலில் கேலக்ஸி என்ற டேட்டா அனாலிசிஸ் தளத்தில் தொடங்குங்கள். பிரவுசரிலேயே ஓடும், இலவசம், ஒரு வரி கோடு எழுத வேண்டாம். அப்புறம் மெதுவாக ஆர் (R) என்ற புள்ளியியல் கோடிங் மொழி. எனக்கு மூன்று மாதம் பிடித்தது, தினம் ஒரு மணி நேரம்தான். கைடுகளிடம் ஒரு வேண்டுகோள், அந்த ஒரு மணி நேரத்தைப் பிஜிகளுக்கு டியூட்டியிலேயே ஒதுக்கிக் கொடுங்கள்.

அந்தத் தம்பியை ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வரச் சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்காவது வர விருப்பம் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே உட்காரலாம்.