சாவியை ஒப்படைத்த குரு

நேற்று மாலை நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு கத்தோலிக்கக் கல்லூரிகளின் பக்கம் திரும்பியது. "குருவானவர் திருப்பலி நிறைவேற்றட்டும், பாவசங்கீர்த்தனம் கேட்கட்டும், நோயாளிகளைப் போய்ப் பார்க்கட்டும். கட்டட ஒப்பந்தமும் வரவு செலவுக் கணக்கும் பார்க்கவா அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். அவரும் கத்தோலிக்கர், நானும் கத்தோலிக்கன். அந்தக் கேள்வியில் கசப்பு இருந்தது; நியாயமும் இருந்தது. நிர்வாகப் பொறுப்பு வந்த பிறகு பீடத்தைவிட நாற்காலியை அதிகம் நேசித்தவர்களை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். ஆனாலும் என்னால் தலையாட்டிவிட்டு எழுந்து வர முடியவில்லை. அருள்தந்தை தியோடர் ஹெஸ்பர்க் நினைவுக்கு வந்துவிட்டார். நண்பரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நோட்டர் டேம் என்றதும் பாரிஸ் பேராலயம் நினைவுக்கு வரும். நான் சொல்வது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரை ஒட்டி இருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை. பிரான்சிலிருந்து போன திருச்சிலுவை சபை என்ற துறவற சபையினர் 1842-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதே சபைக் குருவான ஹெஸ்பர்க் அதற்கு 1952 முதல் 1987 வரை தலைவராக இருந்தார். பொறுப்பேற்றபோது வயது 35, இறங்கியபோது 70. அந்தப் பல்கலைக்கழகத்தில் வேறு எவரும் அத்தனை காலம் தலைவராக இருந்ததில்லை.

அந்தப் பதவி அவர் தேடிப் போனதல்ல. 1943-இல் குருப்பட்டம் பெற்றபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விமானந்தாங்கிக் கப்பலில் கடற்படை வீரர்களுக்கு ஆன்ம குருவாகப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சபைத் தலைவர்கள் முதலில் இறையியல் முனைவர் பட்டத்துக்குப் படிக்கச் சொன்னார்கள், பிறகு நோட்டர் டேமில் பாடம் நடத்தச் சொன்னார்கள். போனார். போர் முடிந்து மனைவி மக்களோடு படிக்க வந்த முன்னாள் படைவீரர்களின் குடியிருப்புக்கு ஆன்ம குருவாக இருந்தார். 1949-இல் நிர்வாகத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். 1952-இல் முந்தைய தலைவர் அருள்தந்தை ஜான் கவனா அறைச் சாவியைக் கையில் கொடுத்து, அன்றிரவு தான் பேச ஒப்புக்கொண்டிருந்த ஒரு கூட்டத்திலும் இனி நீங்கள்தான் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பதவியேற்பு அவ்வளவுதான்.

என் நண்பர் மறந்துபோன ஒன்று இதில் இருக்கிறது. துறவற சபைக் குருவுக்குக் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் உண்டு. சம்பளம் அவருடையதல்ல. வீடு அவருடையதல்ல. ஹெஸ்பர்க் குடியிருந்தது கோர்பி ஹால் என்ற குருக்கள் இல்லத்தில், மற்ற குருக்களோடு, ஓர் அறையில். நாளையே பதவி போனாலும் அதே அறை, அதே சாப்பாட்டு மேசை, அதே பீடம். அவரிடமிருந்து எதைப் பிடுங்க முடியும்? அவருடைய துணிச்சலின் வேர் இந்த ஏழ்மையில்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் துணிச்சல் சீக்கிரமே சோதிக்கப்பட்டது. 1954-இல் நோட்டர் டேம் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொகுப்பில் இயேசு சபை அறிஞர் ஜான் கோர்ட்னி மர்ரி எழுதிய கட்டுரை இருந்தது. திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள உறவு பற்றியும் சமயச் சுதந்திரம் பற்றியும் மர்ரி சொல்லிவந்தவை ரோமில் கோட்பாட்டைக் காக்கும் பொறுப்பிலிருந்த கர்தினால் ஒட்டாவியானிக்குப் பிடிக்கவில்லை. நூலைத் திரும்பப் பெற வேண்டும் என்று திருச்சிலுவை சபையின் உலகத் தலைவர் வழியாக அழுத்தம் வந்தது. கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு கொடுத்த குரு, தலைவராகி இரண்டே ஆண்டு. சரி என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறுத்தார்; வேண்டுமானால் பதவியை விட்டுப் போகிறேன் என்றார். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1965-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் அதே மர்ரி.

கப்பலுக்குப் போகாதே என்றபோது கீழ்ப்படிந்த மனிதர் இங்கே ஏன் கீழ்ப்படியவில்லை? பல நாள் யோசித்திருக்கிறேன். கப்பல் விஷயத்தில் விட்டுக்கொடுத்தது தன் சொந்த ஆசையை. நூல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்னது ஓர் ஆய்வாளரின் சுதந்திரத்தை. அது அவருடைய சொத்து அல்லவே, எடுத்துக் கொடுப்பதற்கு?

அடுத்தது அரசு. 1957-இல் அதிபர் ஐசனோவர் குடிசார் உரிமைகள் ஆணையத்தை அமைத்தபோது அதன் ஆறு உறுப்பினர்களில் ஒருவராக ஹெஸ்பர்க்கை நியமித்தார். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை நேரில் போய் விசாரிக்க வேண்டிய ஆணையம். உறுப்பினர்களில் பாதிப் பேர் தென் மாநிலத்தவர், பாதிப் பேர் வடக்கத்தியர். 1959 கோடையில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் வேலை. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்த குழுவுக்கு ஓட்டலில் இடம் கிடையாது என்பதால் விமானப்படைத் தளத்தில் தங்கினார்கள். வெயிலிலும் போர் விமானங்களின் இரைச்சலிலும் எல்லோரும் எரிச்சலின் உச்சியில் இருந்தார்கள். ஹெஸ்பர்க் ஒரு விமானம் ஏற்பாடு செய்து அத்தனை பேரையும் விஸ்கான்சின் மாநிலத்தில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். ஏரிகளுக்கு நடுவே பல்கலைக்கழகத்துக்கு அங்கே ஒரு விடுதி உண்டு. நெருப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். படகில் போய் மீன் பிடித்தார்கள். எல்லோருக்குமே மீன்பிடிப்பதில் பைத்தியம் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு உட்கார்ந்து பேசினார்கள். பரிந்துரைகள் ஒன்றுகூட விடாமல் நிறைவேறின, ஒன்றைத் தவிர மற்றவை அத்தனையும் ஒருமனதாக. எப்படி நடந்தது இது என்று ஐசனோவர் வியந்து கேட்டபோது, நீங்கள் நியமித்தது ஆறு மீனவர்களை என்று ஹெஸ்பர்க் பதில் சொன்னாராம். அந்த ஆணையம் சொன்னவற்றில் பெரும்பகுதி 1964, 1965 ஆண்டுகளின் குடிசார் உரிமை, வாக்குரிமைச் சட்டங்களில் இடம்பெற்றது.

1964 ஜூனில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் கையைக் கோத்துக்கொண்டு அவர் பாடும் படம் வாஷிங்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. பலரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படத்தைவிட 1972 நவம்பர் முக்கியம். அப்போது அவர்தான் ஆணையத் தலைவர்; நியமித்தவர் அதிபர் நிக்சன். அந்த நிக்சன் அரசு சட்டங்களைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று ஆணையம் வெளிப்படையாக எழுதிக்கொண்டே இருந்தது. நிக்சன் மறுபடியும் தேர்தலில் வென்ற சில நாட்களிலேயே பதவி விலகும்படி சொல்லிவிட்டார்கள். பதினைந்து ஆண்டு உழைப்பு. ஹெஸ்பர்க் ஊர் திரும்பினார், மறுநாள் வேலையைப் பார்த்தார்.

இப்போது 1967-க்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்த ஆண்டுதான்.

அதுவரை நோட்டர் டேம் சட்டப்படி திருச்சிலுவை சபையின் உடைமை. நிலம், கட்டடம், நிதி, முடிவெடுக்கும் உரிமை எல்லாம் சபையிடம். 1958 வரை பல்கலைக்கழகத் தலைவரே குருக்கள் இல்லத்துக்கும் அதிபர். இல்ல அதிபர் ஆறு ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அதனால்தான் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் வேலையைப் புரிந்துகொள்வதற்குள் மாறிப்போனார்கள். 1958-இல் இரண்டு பொறுப்புகளையும் பிரித்த பிறகுதான் ஹெஸ்பர்க்கால் தொடர முடிந்தது. அப்படிக் கிடைத்த நீண்ட காலத்தை வைத்து அவர் செய்த காரியம், அதிகாரத்தையே சபையின் கையிலிருந்து எடுத்து, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரோடு பகிர்ந்ததுதான். 1967-இல் பொதுநிலையினர் பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழு வந்தது. அதற்கு மேலே ஆறு குருக்கள், ஆறு பொதுநிலையினர் என்று பன்னிருவர் அவை. இனித் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் குழுவின் வேலை, ஹெஸ்பர்க் உட்பட.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குருக்களும் சகோதரர்களும் சம்பளமில்லாமல் உழைத்துக் கட்டிய நிறுவனம் அது. அதைக் கைமாற்றச் சபைக்குள் சம்மதம் வாங்குவது எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்று, ஒரு பங்குச் சபையின் சாவிக்கொத்து யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கே ஆண்டுக்கணக்கில் சண்டை பார்த்த எவருக்கும் தெரியும்.

அதே ஆண்டு ஜூலையில், அதே லேண்ட் ஓ லேக்ஸ் விடுதியில், 26 பேர் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் உண்மையான பல்கலைக்கழகமாக இருக்க வேண்டுமானால், வெளியிலிருந்து வரும் எந்த அதிகாரத்தின் முன்னும், அது குருக்களுடையதானாலும் மற்றவர்களுடையதானாலும், அதற்குத் தன்னாட்சியும் ஆய்வுச் சுதந்திரமும் வேண்டும் என்பது சாரம். இன்றுவரை இதை மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்கக் கல்லூரிகள் நம்பிக்கையைத் தொலைத்ததற்கு அந்தக் காகிதம்தான் காரணம் என்கிறார்கள். 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனி ஆவணம் வெளியிட்டு ஆயர்களோடு உள்ள உறவை இறுக்கியபோது அந்த வாதம் இன்னும் வலுத்தது. அவர்களுடைய கவலை பொய்யல்ல. பெயரில் மட்டும் புனிதரை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் சந்தைக் கணக்காகிப்போன நிறுவனங்கள் உண்டு. ஆனால் அதே அறிக்கை, கத்தோலிக்கம் அங்கே வெளிப்படையாகத் தெரிய வேண்டும், செயல்பட வேண்டும், இறையியல் மற்றத் துறைகளோடு உரையாட வேண்டும் என்றும் சொல்கிறது. பயந்துகொண்டு நம்பும் மாணவனைவிடக் கேள்வி கேட்டு நம்பும் மாணவன் மேல் என்று ஒரு குரு நினைத்தால் அதில் துரோகம் எங்கே இருக்கிறது? இதைக் கத்தோலிக்கனாகவே கேட்கிறேன்.

அவருடைய எல்லாச் செயல்களையும் நான் ஏற்கவில்லை. 1969 பிப்ரவரியில், வியட்நாம் போருக்கு எதிராக வளாகங்கள் கொந்தளித்த காலத்தில், மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறர் உரிமையைத் தடுத்து மறியல் செய்பவர்களுக்கு யோசிக்கப் பதினைந்து நிமிடம், கலையாவிட்டால் இடைநீக்கம், அதன் பிறகும் ஐந்து நிமிடம் தாண்டினால் வெளியேற்றம். அந்த நவம்பரில் டௌ கெமிக்கல் நிறுவனமும் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வும் ஆள் எடுக்க வந்தபோது வாசலை மறித்த மாணவர்களில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். நாபாம் தீக்குண்டு செய்த நிறுவனத்தை மறித்த பிள்ளைகள். கடிகாரத்தைப் பார்த்து மாணவனின் எதிர்காலத்தை முடிவு செய்வது ஒரு குருவுக்கு அழகல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நிக்சன் அந்தக் கடிதத்தைப் பாராட்டி எழுதினார். மாணவர் போராட்டங்களை ஒடுக்க அரசு சட்டம் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, தயவுசெய்து தலையிடாதீர்கள், பல்கலைக்கழகங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஹெஸ்பர்க் எழுதியதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு கம்போடியாவுக்குள் படை நுழைந்தபோது வளாகத்தில் நின்று போரை எதிர்த்துப் பேசினார். இவையெல்லாம் சேர்ந்தும் அந்தப் பத்துப் பேரின் கணக்கு எனக்குள் நேராகவில்லை.

வளர்ச்சிக் கணக்கு வேண்டுபவர்களுக்கு: ஆண்டுச் செலவு 97 லட்சம் டாலரிலிருந்து 17.66 கோடியானது. மூலதன நிதி 90 லட்சத்திலிருந்து 35 கோடி. மாணவர் எண்ணிக்கை 4,979-லிருந்து 9,600. 1972-இல், 130 ஆண்டுகளுக்குப் பிறகு, பெண்கள் இளங்கலை வகுப்புகளில் சேர்க்கப்பட்டார்கள். இத்தனை தாமதமாகவா என்று கேட்டால் ஆம், மிகவும் தாமதம்தான். கணக்கு வழக்கையும் கட்டட வேலையையும் 35 ஆண்டுகள் உடனிருந்து சுமந்தவர் அருள்தந்தை எட்மண்ட் ஜாய்ஸ். அவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஹெஸ்பர்க்கின் சாதனை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு அவருடையது.

தலைவரான புதிதில் கலிஃபோர்னியாவில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. நோட்டர் டேம் என்றால் அமெரிக்கக் கால்பந்து என்று மட்டுமே நாடு அறிந்திருந்த காலம் என்பதால், வந்தவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள். ஒரு புகைப்படக்காரர் பந்தைக் கொடுத்து, குனிந்து வீசுவதுபோல நிற்கச் சொன்னார். ஹெஸ்பர்க் மறுத்துவிட்டார். 1969-இல் பல ஆண்டுத் தடையை நீக்கிப் பருவ இறுதிப் போட்டிகளில் கல்லூரி அணி ஆடலாம் என்று ஒப்புக்கொண்டபோது, வரும் பணம் சிறுபான்மை மாணவர்களின் உதவித்தொகைக்குப் போக ஏற்பாடானது.

இன்று நிலைமை வேறு. 2001-இல் இயேசு சபையின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு முதல்முறையாகப் பொதுநிலையினர் ஒருவர் தலைவரானார். 2022-இல் அதே சபையின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் தலைவரானார். ஆனால் நோட்டர் டேமில் தலைவர் திருச்சிலுவை சபைக் குருவாகவே இருக்க வேண்டும் என்ற விதி நீடிக்கிறது. 2024-இல் பொறுப்பேற்ற ராபர்ட் டவுடும் அந்தச் சபைக் குருதான். குருக்கள் குறைந்துவரும் நாட்டில் இது எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? தாங்காமல் போனால் அதில் எனக்கு அச்சமில்லை. 1967-இல் அவர் பொதுநிலையினரை நம்பியது அலங்காரத்துக்கு அல்ல.

பதவியில் இருந்த காலத்தில் அவருடைய அறை விளக்கு நள்ளிரவு தாண்டியும் எரியும். முதன்மைக் கட்டடத்தின் தீயணைப்புப் படிக்கட்டு வழியாக ஏறி, சன்னலைத் தட்டி, அவரோடு பேசிவிட்டுப் போன மாணவர்கள் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, அவர் பெயரையே தாங்கிய நூலகத்தின் பதின்மூன்றாம் மாடியில், பார்வை மங்கிப்போன முதியவராக உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் மாறி மாறி வந்து செய்தித்தாளும் புத்தகமும் படித்துக் காட்டினார்கள். 2015 பிப்ரவரி 26 அன்று, 97 வயதில், இரவு இறந்தார். அன்று பகலிலும் திருப்பலியில் பங்கேற்றிருந்தார்.