"ரேகை பொருந்தவில்லை" என்றால் யார் அலைய வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அடையாள அட்டை தரும் ஹோம் அஃபயர்ஸ் துறையின் வரிசையில் விடியற்காலையிலேயே வந்து நிற்கும் பெரியவர்கள் சிலருக்குக் கடைசியில் கிடைக்கும் பதில் இதுதான்: "ரேகை பொருந்தவில்லை." பிழை கருவியிலா, பழைய பதிவிலா, விரலிலா என்று கவுண்டரில் சொல்ல மாட்டார்கள். அலைவது மட்டும் விரலுக்குச் சொந்தக்காரர். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இது சட்டக் கோளாறாகப் படுகிறது.

கருவி என்ன செய்கிறது என்று பாருங்கள். ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை எடுத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. எத்தனைக்கு மேல் வந்தால் "இவரேதான்" என்பதை முடிவு செய்வது மனிதர். வரம்பை ஏற்றினால் ஆள்மாறாட்டம் குறையும், கூடவே உண்மையான ஆளும் வெளியே தள்ளப்படுவார். இறக்கினால் தலைகீழ். இரண்டும் நேராத வரம்பு என்று ஒன்று கிடையாது.

சிமென்ட்டிலும் சலவைச் சோடாவிலும் வேலை பார்த்த விரலில் கோடுகள் தேய்ந்திருக்கும். தோல் காய்ந்தால் கோடு துண்டு துண்டாக விழும், வியர்த்தால் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். கேப்சைட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரை சிலருக்கு ரேகையையே மறைத்துவிடும். காய்ந்த விரலுக்குச் சிறிது கிரீம் தடவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். நுனியைக் குத்தாமல், நடுச்சுழி கண்ணாடியில் படும்படி தட்டையாக வையுங்கள். பலமாக அழுத்துவதால் கோடுகள் நசுங்குமே தவிர வேறு பயனில்லை. முடியாவிட்டால் வேறு விரலை எடுக்கச் சொல்லுங்கள்.

இங்குள்ள தமிழர்களான நம்மை எண்ணாகவும் விரலாகவும் பார்ப்பது கணினி வந்த பிறகு தொடங்கியதல்ல. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்த காலத்திலிருந்தே ஒப்பந்தக் கூலிகளுக்குப் பட்டியல் எண் உண்டு. தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு என்று வரிசையாகக் கட்டங்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்குப் பிறகு சாதிப் பட்டமே குடும்பப் பெயரானது: கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். ஒரு தெருவுக்குப் பத்து கோவெண்டர். பெயர் ஆளைக் காட்டாவிட்டால் அரசு எண்ணைத் தேடும். எண்ணிலும் நம்பிக்கை போனால் விரலைப் பிடிக்கும்.

அந்த ரேகை முறையும் இந்தியாவில் உருவானதுதான். வங்கப் போலீஸில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஜிஜுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் உழைத்து வகைப்படுத்தியது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் வந்தது. 1900-இல் ஹென்றியே ஜோஹன்னஸ்பர்க் போலீஸை அமைக்க இங்கே வந்தார். சில ஆண்டுகளில், ஜோஹன்னஸ்பர்க் அடங்கிய ட்ரான்ஸ்வால் பகுதியின் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அதே முறையை ஆசியர்கள் மீது திருப்பியது: கட்டாயப் பதிவு, பத்து விரல், போலீஸ் கேட்ட இடத்தில் காட்ட ஒரு சீட்டு. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வெளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் எரிந்தன. பலர் மறப்பது இதை: அதே ஆண்டுத் தொடக்கத்தில் காந்தியும் அவருடைய போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் ரேகைப் பதிவுக்குத் தாமாகவே முன்வந்தவர்கள். அதற்கு ஈடாகச் சட்டத்தை நீக்குவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றுதான் பிறகு தீ மூட்டினார்கள். விரலில் தடவும் மை அவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை.

இன்றைய 13 இலக்க ஐடி எண்ணுக்கு வருவோம். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 4, 5000-க்குக் கீழே பெண், 5000 முதல் ஆண். 11-ஆவது 0 என்றால் குடியுரிமை, 1 என்றால் நிரந்தர வசிப்பு. நிறவெறி ஆட்சிக் காலத்தில் எண்ணின் வால்பகுதியில் இனக் குறியும் இருந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போனது. 12-ஆவது கட்டம் மட்டும் நிற்கிறது, இப்போது பெரும்பாலும் 8. பால் குறி இன்னும் உயிரோடு இருப்பதால், 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பால் பதிவை மாற்றிக்கொள்பவருக்கு எண்ணே மாறுகிறது. பிறகு வங்கி, வரி, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். என்றோ யாரோ போட்ட கட்டம் இன்றைய உரிமையின் காலில் கல்லைக் கட்டியிருக்கிறது.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு. 8013015009082 என்று எடுங்கள் (மாதம் 13, ஆகவே யாருடையதும் அல்ல). கடைசியை விட்டு, ஒற்றை இடங்களின் கூட்டல் 14. இரட்டை இடங்களைச் சேர்த்தெழுதினால் 031098. அதன் இருமடங்கு 62196, அந்த இலக்கங்களின் கூட்டல் 24. மொத்தம் 38, அடுத்த பத்துக்கு 2 குறைவு. அதுதான் கடைசி இலக்கம். குமாஸ்தா ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் இது பிடித்துவிடும். எண்ணைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பது இதற்குத் தெரியாது.

அந்த இடைவெளியில்தான் ஒரே எண் இருவருக்கு, ஒருவருக்கே இரண்டு எண் என்ற குழப்பமெல்லாம் வருகிறது. சந்தேகம் வந்தால் எண்ணை முடக்குவது துறையின் வழக்கமாக இருந்தது. முடங்கினால் வங்கிக் கணக்கு, உதவித்தொகை, பிள்ளையின் பிறப்புப் பதிவு எல்லாம் நிற்கும். நியாயமான நடைமுறை இல்லாமல் முடக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2024 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1907-இல் கேட்க வேண்டிய கேள்விக்குக் கிடைத்த பதில் என்றே இதை வாசிக்கிறேன். ஆனால் தீர்ப்பு தானாகக் கவுண்டர் வரை நடந்து வராது.

கையிலிருப்பது 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம். முடிவு தெரிந்த 90 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். துறை 90 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால், மறுக்கும் ஆதாரம் வரும்வரை, தக்க காரணமின்றி எடுத்த முடிவாகவே கொள்ளப்படும். நீதிமன்றம் போவதானால் தாமதிக்கக் கூடாது, உச்சவரம்பு 180 நாள். "இன்னொரு நாள் வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் இந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவது? ஆகவே தேதியும் குறிப்பெண்ணும் போட்ட சீட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். முறைப்பார்கள், வாங்காமல் நகராதீர்கள்.