வெயில் ஊர் சரி, தண்ணீரை விசாரித்தீர்களா?

வால்பாறையில் ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளர்கள் சமவெளியில் குடியேறினால் நிம்மதி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. வால்பாறை மலையில் ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை லேசில் விடாது, துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்கணும், பெட்டியில் வைத்த பெல்ட்டெல்லாம் பூஞ்சணம், அட்டைக்கடி தனி. பெரிய ஆஸ்பத்திரி என்றால் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி போகணும், வழியில் மரம் விழுந்துவிட்டால் அதுவும் இல்லை. போதும்டா சாமி என்றுதான் நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துச் சமவெளியில் கமுதி பக்கம், அப்பாவின் பூர்வீக ஊருக்கே வந்தோம்.

வெயில் சுகமாகத்தான் இருந்தது, அம்மாவுக்கு மூட்டுவலியும் குறைந்தது (வெயிலாலா, மேடு ஏறி இறங்காததாலா, யார் கண்டது). ஆனால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலையோடு நின்றுவிடுகிறது, இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் கண்மாய். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! மலையில் பழகிய மாதிரி இங்கேயும் தகரக் கூரை போட்டால் சித்திரையில் பகலில் உள்ளே உட்கார முடியாது, ஓடு போடுங்கள். அப்புறம், பி.எஃப் பணத்தில் இடம் வாங்குகிறவர்கள் தை மாதக் குளிரில் போய்ப் பார்க்காமல் மே மாதம் போய்ப் பாருங்கள். போர் போட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று புரோக்கர் சொன்னால், பக்கத்து வீட்டுப் போர் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துப் பாருங்கள், இந்தப் பக்கம் பல இடங்களில் உப்பு.