செவ்வாய் தோஷமும் காதலும்: சுற்றிவரும் செய்தி பொய்

"செவ்வாய் தோஷம் உள்ளவரைக் காதலித்துக் கட்டினால் துணை சீக்கிரம் இறந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மலேசியாவில் கோலாலம்பூர், பினாங்கு குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. பொய். இதை நம்பி ஒரு ஜோடியைப் பிரிப்பது கொடுமை.

கணக்கைப் பாருங்கள். லக்னத்திலிருந்து, அதாவது பிறக்கும் நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியிலிருந்து எண்ணி, 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள், அதாவது 12 வீட்டில் 5, கிட்டத்தட்ட பத்தில் நாலு பேர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் கூடும். அத்தனை பேரின் துணையுமா செத்துப்போகிறார்கள்? தவிர, செவ்வாய் மேஷம், விருச்சிகம், மகரத்தில் இருந்தால் தோஷமில்லை என்று பல ஜோதிடர்களே சொல்கிறார்கள், அதைச் செய்தி சொல்லவே இல்லை.

நம்மூருக்கே உரிய சிக்கலும் உண்டு. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதிலும் தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1-க்கு முன் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் இருந்தது. கிள்ளானில் பிறந்த பிள்ளைக்குச் சென்னையை ஊராகப் போட்டு ஆப்பில் ஜாதகம் எடுத்தால் லக்னமே மாறிவிடலாம், அப்புறம் இல்லாத தோஷமும் வந்து நிற்கும்.

சரி, ஜாதகம் சேராவிட்டால் திருமணத்தைப் பதிய முடியாது என்றும் சிலர் மிரட்டுகிறார்கள். முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தை 1976 சட்டப்படி தேசியப் பதிவுத்துறையில் பதியும்போது யாரும் ஜாதகம் கேட்பதில்லை. 21 வயது ஆகாதவர்களுக்குத்தான் பெற்றோர் தரப்புச் சம்மதம் வேண்டும்.