வீடு பார்க்கும் முன் பள்ளி வேனில் ஒருநாள் போய்ப் பாருங்கள்

ஊர் மாறுகிறவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எல்கேஜி பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? நாங்கள் சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்தபோது அந்தத் தப்பைத்தான் செய்தோம், முடிவுகள் நன்றாக இருந்த ஒரு பள்ளியில் பணம் கட்டிவிட்டு, வாடகை குறைவு என்று பள்ளத்தூர்ப் பக்கம் வீடு பிடித்தோம். வேன் கானாடுகாத்தான், கோட்டையூர் எல்லாம் சுற்றிப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு வயசுப் பிள்ளை சாயங்காலம் வேனிலேயே தூங்கிப் போய் வந்து இறங்குவாள். எங்கள் வீட்டு ஆச்சிதான், "பள்ளிக்கூடத்தப் பாத்துட்டு வீடு பாக்கணும் ஆத்தா" என்றார், ஆனால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு.

அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு, நடந்து போகும் தூரத்தில் இருந்த அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், சரி, சுளிக்கட்டும். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு, வெண்பொங்கல் என்றால் இவள் வீட்டில் தோசையைத் தொடுவதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது, அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலீஷ்தான் கொஞ்சம் சுமார், அதை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு வேலை என்றால் கதை வேறு, நாடு முழுக்க இருக்கும் மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயா காரைக்குடியிலேயே இருக்கிறது.